மாவில் விழும் பிளாஸ்டிக் சில்லு: பிடிக்க வேண்டிய இடம் பாத்திரம் கழுவும் இடம்தான்

இட்லி, தோசை மாவு பாக்கெட் போடும் யூனிட்டில் வேலை பார்ப்பவர்கள் தலைமுடிக்குப் பயப்படுவார்கள், பூச்சிக்குப் பயப்படுவார்கள், இரும்புத் துகளுக்கு மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பார்கள். பிளாஸ்டிக் பற்றிக் கேட்டால் மட்டும் "அதெல்லாம் ஃபுட் கிரேடுதான் வாங்குறோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஃபுட் கிரேடு என்றால் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து வேண்டாத ரசாயனம் உணவில் இறங்காது என்று அர்த்தம். உடையாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஓரம் கூராக உடைந்த சில்லு மாவுக்குள் போய்விட்டால் அது எந்த கிரேடாக இருந்தாலும் ஒரு குழந்தையின் தொண்டையைக் கிழிக்கும்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு மாவு யூனிட்டில் கியூசி (தரப் பரிசோதனை) பார்த்த காலத்தில் வந்த ஒரு புகார்தான் இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. தோசை ஊற்றும்போது கரண்டியில் ஏதோ தட்டுப்பட்டது என்று ஒரு அம்மா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். இந்த மாதிரி நேரத்தில் போட்டோவை வைத்துக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது, பொருள் கைக்கு வர வேண்டும். துண்டையும், அந்த மாவு வந்த கவரையும், முடிந்தால் மீதி மாவையும் சேர்த்து எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு நேரில் போய் வாங்கி வருவதுதான் முறை. போனவுடன் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும். "உங்க வீட்டு மிக்ஸி மூடியா இருக்கும்ங்க" என்று ஆரம்பித்தால் அவர் கதவைச் சாத்திவிடுவார், அதோடு நமக்குத் துப்பும் போய்விடும்.

துண்டு சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் கொஞ்சம் சொரசொரப்பு, லேசான வளைவு. வழவழப்பான பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்தால் மெல்லிய மேடாக ஒரு கோடு தட்டுப்பட்டது, அதன் ஓரத்தில் பாதி அறுந்த ஒரு சைபர். அளவு ஜக்கில் மில்லி காட்டும் கோடுகள் இருக்குமே, அதில் ஒன்று. ஆனாலும் கண்ணை மட்டும் நம்பாமல் துண்டை நன்றாகக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு (காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு ஏமாற்றாமல் இருக்கத்தான் சோப்பு) அதில் போட்டு அமுக்கிவிட்டுப் பார்த்தோம். மேலே மிதந்து வந்தது.

இந்த டம்ளர் சோதனைக்குப் பைசா செலவில்லை, ஆனால் பாதி வழக்கை முடித்துவிடும். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் தண்ணீரைவிட லேசானவை, அதனால் மிதக்கும். நைலான், அக்ரிலிக், பாலிகார்பனேட், பிவிசி, அசிட்டால், டெஃப்ளான் எல்லாம் மூழ்கும். மிதந்ததால் எங்கள் கிரைண்டரில் மாவை வழித்துவிடும் நைலான் வைப்பர் இல்லை, மெஷின் மேலிருக்கும் அக்ரிலிக் மூடி இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. நேராக ஜக் அடுக்கி வைக்கும் ரேக்குக்குப் போனோம். விளிம்பில் ஒரு சில்லு இல்லாத ஜக் அங்கேயே இருந்தது. உடைந்த இடம் பளிச்சென்று இல்லாமல் மங்கிப்போய், அந்தப் பள்ளத்தில் காய்ந்த மாவு ஏறியிருந்தது. அதாவது உடைந்த பிறகும் அந்த ஜக் பல தடவை மாவுக்குள் போய், கழுவப்பட்டு, ரேக்குக்கு வந்து, மறுபடியும் மாவுக்குள் போயிருக்கிறது.

ஏன் உடைந்தது என்று பார்த்தபோதுதான் விஷயம் சுவாரஸ்யமானது. ஜக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது, அப்படியென்றால் பாலிபுரொப்பிலீன். சாதாரண பாலிபுரொப்பிலீன் சைபர் டிகிரியை நெருங்க நெருங்க விறைத்து நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். எங்கள் கோல்ட் ரூம் 4 டிகிரி. புளித்த மாவு ட்ரம்மில் அங்கே நிற்கும், ஜக்கும் அந்த ட்ரம்மிலேயே கிடக்கும். கெட்டி மாவு ஜக்கை விட்டு இறங்காது, அதனால் மொண்டு ஊற்றும் ஒவ்வொரு முறையும் எஸ்எஸ் (எவர்சில்வர்) ட்ரம் விளிம்பில் ஜக்கைத் தலைகீழாகப் பிடித்து 'டங் டங்' என்று ரெண்டு தட்டு தட்டுவார்கள். எந்த மாவுக் கடையிலும் இந்தச் சத்தத்தைக் கேட்கலாம். குளிரில் விறைத்த பிளாஸ்டிக்கை நாள் முழுவதும் இரும்பில் தட்டினால் அது எத்தனை நாள் தாங்கும்?

இதோடு இன்னும் ரெண்டு சேர்ந்திருந்தது. ஒன்று பிளீச்சிங். வாசனை போக வேண்டும், வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று அளவு பார்க்காமல் போட்டு ராத்திரி முழுக்க ஊற வைப்பது. இன்னொன்று மொட்டை மாடி வெயில். கழுவிய ஜக், வாளி, கிரேட் (பாக்கெட் அடுக்கும் பெட்டி) எல்லாவற்றையும் மாடியில் கவிழ்த்துக் காய வைப்பது நம் ஊரில் சுத்தத்தின் அடையாளம், பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் அது சரி. பாலிபுரொப்பிலீன் வெயிலில் உள்ளுக்குள் முறிந்துகொண்டே வரும். பழைய ஜக்கின் வெளிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினால் விபூதி மாதிரி வெள்ளைத் தூள் விரலில் ஒட்டும். அந்த நிலைக்கு வந்த எதையும் அதற்குமேல் மாவுப் பக்கம் கொண்டுவரக் கூடாது, அது உடையக் காத்திருக்கும் பொருள்.

"இனிமே யாரும் தட்டக் கூடாது" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம். பலன் இருந்திருக்காது, ஏனென்றால் மாவு ஒட்டுவது நிஜம், கடைசிக் கரண்டி வரை வழிக்க வேண்டும் என்பதும் நிஜம். அதனால் கோல்ட் ரூமுக்குள் பிளாஸ்டிக் ஜக்கையே நிறுத்திவிட்டு எஸ்எஸ் ஜக்கும், வழிப்பதற்கு நீல நிறத்தில் ஒரே வார்ப்பான சிலிக்கான் கரண்டியும் கொடுத்தோம். வழிக்க வசதி கிடைத்ததும் தட்டுவது தானாகக் குறைந்தது. எஸ்எஸ் கனமாக இருக்கிறது, கை வலிக்கிறது என்று பேக்கிங்கில் இருந்த அக்காக்கள் சொன்னது நியாயமான குறை, அதற்குச் சின்ன ஜக் வாங்கினோம்.

மெட்டல் டிடெக்டர் இருக்கிறதே, எக்ஸ்ரே வாங்கிவிடலாமே என்று முதலாளி கேட்டார், எல்லா முதலாளியும் கேட்கும் கேள்விதான். மெட்டல் டிடெக்டருக்குச் சாதாரணப் பிளாஸ்டிக் தெரியவே தெரியாது. எக்ஸ்ரே அடர்த்தி வித்தியாசத்தைப் பார்க்கிறது. பாலிபுரொப்பிலீன் அடர்த்தி 0.9, பாலிஎத்திலீன் 0.91 முதல் 0.97 வரை, தண்ணீர் 1. மாவில் பெரும்பகுதி தண்ணீர். ஜக், வாளி, கிரேட் உடைந்து விழும் சில்லு அந்த மாவுக்குள் எக்ஸ்ரேயில் கரைந்த மாதிரிதான் தெரியும். 2.2 அடர்த்தி உள்ள டெஃப்ளான் மாதிரி கனமான பிளாஸ்டிக் என்றால் வாய்ப்பு அதிகம், ஆனால் நம்மிடம் தினமும் உடைவது அது இல்லையே. உலோகத்தூள் கலந்த, மெட்டல் டிடெக்டரில் மாட்டும் பிளாஸ்டிக் என்று ஒன்று விற்கிறார்கள். நல்ல பொருள்தான், ஆனால் உப்புப் போட்ட ஈர மாவு தானே மெட்டல் டிடெக்டரில் சிக்னல் கொடுக்கும், அதனால் மெஷினின் கூர்மையைக் குறைத்துத்தான் ஓட்ட முடியும், சின்னச் சில்லு தப்பிவிடும். வாங்குவதாக இருந்தால் ஒரு கரண்டியை வெட்டிப் பல அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் கவரில் சீல் செய்து, அதை உங்கள் மாவு பாக்கெட்டுக்குள் வைத்து, உங்கள் மெஷினில் ஓட்டி, எந்த அளவு வரை பிடிக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கேட்லாக்கில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்.

சரி, மெஷின் கைவிட்டால் யார் பிடிப்பது? பாத்திரம் கழுவுகிறவர்கள். ஒரு ஜக்கையோ வாளியையோ ஒரு ஷிப்டில் முழுதாகத் திருப்பி, உள்ளே வெளியே கை விட்டுத் தடவிப் பார்ப்பவர் அந்த யூனிட்டிலேயே அவர் ஒருவர்தான். கியூசி ஆள் ஃபார்மில் டிக் போடுகிறார், சூப்பர்வைசர் தூரத்திலிருந்து பார்க்கிறார். கழுவும் அக்காவின் விரலுக்குத்தான் விளிம்பு போனது தெரியும். ஆனால் பெரும்பாலான யூனிட்டில் அவருக்குத்தான் பயிற்சி கிடையாது, வெளிச்சம் கிடையாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது.

அதனால் வெளிச்சத்தில் ஆரம்பித்தோம். கழுவும் தொட்டிக்கு மேல் நல்ல லைட், அதற்கு உடையாத கவர். அப்புறம் சுவரில் நாலு போட்டோ: புது ஜக், கீறல் விழுந்தும் இன்னும் பயன்படுத்தலாம் என்ற நிலையில் ஒரு ஜக், இதற்கு மேல் கூடாது என்ற நிலையில் ஒன்று, விளிம்பு உடைந்தது ஒன்று. எழுத்தில் பக்கம் பக்கமாக விளக்கியதைவிட இந்த நாலு படம் வேலை செய்தது. ஒவ்வொரு பொருளிலும் நம்பரைச் சூடு வைத்துப் பதித்தோம், ஸ்டிக்கர் ஒட்டவில்லை, ஏனென்றால் ஸ்டிக்கரே உரிந்து மாவில் விழும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கூடை, சந்தேகம் வந்தால் அதில் போட்டுவிட்டுக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட ஆரம்பித்தார்கள். "ஏனுங்க தம்பி, இந்த வாளியில ஓரம் போயிருக்குதுங்க, காலையில நான் கழுவறப்ப நல்லா இருந்துச்சுங்க, சில்லு எங்கன்னு பாக்கோணுமுங்க" என்று ஒரு அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு முழு விசாரணை அறிக்கை இருக்கிறது. எது உடைந்தது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தது, துண்டு கிடைத்ததா. இந்த மூன்றும் தெரிந்தால் மீதி எல்லாம் நம் கையில்.

எந்த யூனிட்டாக இருந்தாலும் இங்கே ஒரு விஷயத்தை முதலாளியிடம் பிடிவாதமாகப் பேசி வாங்கிவிட வேண்டும். உடைத்தவருக்குச் சம்பளத்தில் பிடித்தம் கூடாது, நாலு பேர் முன்னால் திட்டும் கூடாது. ஜக் விலையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அந்த இடங்களில் உடைந்த துண்டைக் காலால் தள்ளி ட்ரெய்னேஜில் விட்டுவிடுவார்கள், ஜக்கின் உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி ரேக்கில் வைத்துவிடுவார்கள், கைப்பிடியைக் கம்பியைச் சுட வைத்து ஒட்டுவார்கள், எம்-சீல் வைத்துப் பூசுவார்கள். பயம்தான் காரணம். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் அதே மாவைச் சாப்பிடுகிறார்கள், அக்கறை இல்லாமல் இல்லை. எங்களிடம் பழசை முழுதாகக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு கேள்வியும் இல்லாமல் ஸ்டோரில் புதுசு கொடுத்தார்கள். வாங்கிய பழசை அங்கேயே வெட்டிக் குப்பைக்கு அனுப்பினார்கள், இல்லாவிட்டால் அது சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்துவிடும்.

உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. லைனை நிறுத்து. யாரும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதே, கழுவினால் சில்லு எங்கே போனது என்றே தெரியாது. துண்டுகளைப் பொறுக்கி ஒரு கறுப்புத் தட்டில் வைத்து, உடைந்த பொருளோடு பொருத்திப் பார். விளிம்போடு விளிம்பு சேர்ந்து ஓட்டை இல்லாமல் முழு ஜக் கிடைத்துவிட்டால் நிம்மதி, எழுதி வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். ஒரு அரிசி அளவு இடம் காலியாக இருந்தாலும் அந்தத் துண்டு மாவில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். "கீழ விழுந்திருக்கும்ணா" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் எவ்வளவு மாவை நிறுத்துவது? கடைசியாக அந்தப் பொருள் முழுதாக இருந்ததை ஒருவர் பார்த்து எழுதிய நேரத்திலிருந்து உடைந்ததைக் கண்டுபிடித்த நேரம் வரை அது தொட்ட எல்லா மாவும். காலையில் ஒரு முறை மட்டும் பார்ப்பவராக இருந்தால் ஒரு நாள் மாவும் போச்சு. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்தால் அதிகபட்சம் நாலு மணி நேர மாவு. இதைக் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் எங்கள் முதலாளி நடுவில் ஒரு முறை செக் செய்ய ஆள் ஒதுக்கச் சம்மதித்தார். ட்ரம்முக்கு நம்பர், அரைத்த நேரம், எந்த ட்ரம் எந்த பேட்ச் கவரில் போனது என்ற குறிப்பு, இந்த மூன்றும் இல்லாவிட்டால் எல்லையே போட முடியாது. மாவு காத்திருக்காத பொருள், ரெண்டு நாள் நிறுத்தி வைத்து யோசிக்கலாம் என்ற வசதி நமக்கு இல்லை.

எல்லை போட முடியாவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் மார்ஸ் நிறுவனம் சாக்லேட்டுகளைத் திரும்பப் பெற்றது ஒரு சாட்சி. ஜெர்மனியில் ஒருவர் வாங்கிய ஸ்னிக்கர்ஸில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு இருந்தது, அது நெதர்லாந்தில் ஃபெஹல் என்ற ஊரில் உள்ள ஆலையோடு தொடர்புடையது என்று தெரிந்தது. திரும்பப் பெறுதல் 55 நாடுகளுக்குப் போனது. கிடைத்தது ஒரு துண்டு. வேறு எதிலும் இல்லை என்று உறுதி சொல்ல முடியாததற்குத்தான் அத்தனை விலை. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, உணவில் 7 முதல் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள கடினமான, கூரான பொருளை ஆபத்து என்ற கணக்கில் வைக்கிறது. குழந்தைகள், முதியவர்கள் சாப்பிடும் உணவென்றால் 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருப்பதையும் சும்மா விடுவதில்லை. நம் நாட்டில் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவில் அந்நியப் பொருள் கலந்த உணவுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. யாருக்காவது காயம் ஏற்பட்டுவிட்டால் விஷயம் அதோடு நிற்காது.

உடைவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், தேய்வதும் இருக்கிறது. கிரைண்டர் வைப்பர் ஒரு நாளும் படீரென்று உடையாது, ட்ரம்மில் உரசி உரசி மெல்லிய இழையாக உரிந்துகொண்டே இருக்கும். புதுசு மாட்டும்போது ஒரு சின்னத் தராசில் எடை போட்டு எழுதுங்கள், கழற்றும்போது கழுவிக் காய வைத்து மறுபடி போடுங்கள். குறைந்த கிராம் எல்லாம் மாவில்தான் போயிருக்கிறது, வேறு எங்கும் போக வழியில்லை. இந்த ஒரு எண்ணைக் காட்டியதும் எங்கள் மெயின்டெனன்ஸ் அண்ணன் மறு பேச்சில்லாமல் வைப்பருக்கும் ட்ரம்முக்கும் இடைவெளியைச் சரி செய்தார், மாற்றும் தேதியையும் அவரே காலண்டரில் குறித்தார். அரைத்த மாவைப் புளிக்க வைக்கும் முன் 2 மில்லிமீட்டர் துளை எஸ்எஸ் வடிகட்டி வழியாக விட்டோம். புளித்த பிறகு வடிகட்டினால் மாவில் இருக்கும் காற்று போய் இட்லி கல்லாகிவிடும், அதனால் இதற்கு அந்த ஒரு இடம்தான். வடிகட்டியில் என்ன நின்றது என்று ஒவ்வொரு முறையும் பார்த்து எழுதுவது வடிகட்டுவதைவிட முக்கியம்.

மெயின்டெனன்ஸ் என்றதும் கேபிள் டை. ஒயரைக் கட்டிவிட்டு வாலை நறுக்கினால் அது எங்கே தெறித்தது என்று யாரும் தேடுவதில்லை. மாவு லைனுக்கு மேல் வெள்ளை டை வேண்டவே வேண்டாம், எஸ்எஸ் கிளிப் போடலாம், முடியாவிட்டால் நீலம், நறுக்கிய வாலை எண்ணிக் கொடுக்க வேண்டும். பைப் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப்பும் இப்படித்தான், ஓரம் பிசிறாக நீட்டிக்கொண்டிருந்தால் மாவு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும்.

சாக்கையும் மறக்கக் கூடாது. அரிசியும் உளுந்தும் வரும் பிளாஸ்டிக் சாக்கைப் பிளேடால் குறுக்கே கிழித்தால் நூல் நூலாக உள்ளே விழும். தையல் நூலின் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக ஒரே இழையாக வந்துவிடும், மூட்டை தூக்கும் அண்ணன்களுக்கு எந்த நுனி என்று தெரியும், அவர்களிடமே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். சாக்கு இழையும் பாலிபுரொப்பிலீன்தான், அதனால் அரிசி ஊற வைக்கும்போது மேலே மிதக்கும். முதல் தண்ணீரை மெதுவாக நிரம்பி வழிய விட்டு, மேலே வருவதை அரித்து எடுத்துவிட்டுப் பிறகு கழுவினால் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

நீலம் ஏன் என்று பலரும் கேட்பார்கள். சங்குப்பூ போட்ட பண்டங்களை விட்டால் நாம் சாப்பிடுவதில் நீல நிறம் கிட்டத்தட்ட இல்லை, வெள்ளை மாவில் நீலச் சில்லு விழுந்தால் உடனே கண்ணில் படும். ஆனால் நீலம் என்பதால் அது உடையாமல் இருக்காது. மலிவான நீல மக்கை வாங்கி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

வீட்டிலேயே ரெண்டு கிரைண்டர் வைத்து மாவு போட்டு விற்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடியது: இருக்கும் பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். சுரண்டினால் தூள் வருவது, ஒட்டுப் போட்டது, மாவு நிறத்தில் இருப்பது, இந்த மூன்று வகையையும் தனியே எடுத்துவிடுங்கள். மாவைத் தொடும் மக்கையும் கரண்டியையும் எவர்சில்வருக்கு மாற்றுங்கள், பிரிட்ஜுக்குள் போகும் டப்பா பிளாஸ்டிக்காகத்தான் இருக்க வேண்டும் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருப்பதை வாங்குங்கள், அது குளிரில் சீக்கிரம் நொறுங்காது. கழுவியதை நிழலில் கவிழ்த்துக் காய வையுங்கள். மீதி இருக்கும் பிளாஸ்டிக் சாமான்களின் பெயரையும் எண்ணிக்கையையும் கிரைண்டர் பக்கத்துச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டி, ராத்திரி கடைசிப் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.